கல்யாணம் முடிந்த வீடு

அமெரிக்காவின் தெற்குக் கோடியில், லூயிஸியானா ராஜ்யத்தில், மிஸிஸிப்பி நதிக் கரையில் பேட்டன் ரூஜ் என்று ஓர் ஊர் இருக்கிறது. பிரெஞ்சு பாஷையில் அதற்குச் 'சிவப்புக் கழி' என்று அர்த்தம். 1699-ல் இபெர்வில் என்ற பிரெஞ்சுக்காரர் இந்த நதி வழியாக வந்தபோது, கரையில் சிவப்பேறிய ஒரு மரக் கழி நட்டிருந்ததைப் பார்த்தாராம். ஹூமா, பயகூலா என்ற இரண்டு பூர்வகுடிகளின் வேட்டைக் காடுகளுக்கு அதுதான் எல்லை. அந்தக் கழி எப்போதோ மக்கிப் போயிற்று. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

நியூ ஆர்லியன்ஸ் நகரத்திலிருந்து மோட்டாரில் கிளம்பினால் ஒன்றரை மணி நேரத்தில் அங்கே இருக்கலாம். கைக்குட்டை ஒன்றுக்கு இரண்டாக எடுத்துக் கொள்ளுங்கள். சென்னையின் மே மாதத்தைப் பார்த்த நமக்கே அந்த ஊர் ஆகஸ்டு மாதப் புழுக்கம் ஒரு கை பார்த்துவிடும்.

ஊரில் முதலில் கண்ணில் படுவது சட்டசபைக் கட்டிடம். 34 மாடி, 450 அடி உயரம். அமெரிக்க ராஜ்யங்களின் சட்டசபைக் கட்டிடங்களுக்குள் இவ்வளவு உயரமானது வேறு இல்லை. ஹியூயி லாங் என்ற கவர்னர் பிடிவாதமாக நின்று கட்ட வைத்தது, 1932-ல் முடிந்தது. 1935-ல் இதே கட்டிடத்தின் நடையில்தான் அவரைச் சுட்டார்கள். எதிரே தோட்டத்திலேயே சமாதி.

அந்த மனிதருக்குக் கால்பந்து என்றால் பைத்தியம். ஊரில் ஒரு கதை சொல்லுவார்கள். காலேஜ் பந்தயம் நடக்கும் அதே நாளில் பெரிய சர்க்கஸ் கம்பெனி ஒன்று கூடாரம் அடிப்பதாக இருந்ததாம். கூட்டம் அங்கே போய்விட்டால்? ஹியூயி லாங் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். உண்ணிப் பூச்சியை ஒழிப்பதற்காக, வெளியூர் மிருகங்களை மருந்துத் தொட்டியில் முக்கி எடுக்க வேண்டும் என்று ஒரு விதி அகப்பட்டது. "உங்கள் சிங்கம் புலிகளையும் முக்கி எடுக்கிறீர்களா?" என்று கேட்டு அனுப்பினாராம். சர்க்கஸ்காரர்கள் வேறு தேதி பார்த்துக் கொண்டார்கள்!

அவர் காலத்து ஊர் அப்படி என்றால், இந்தக் காலத்து ஊர் இன்னும் மோசம். ஜனத்தொகை இரண்டே கால் லட்சம்தான். ஆனால் லூயிஸியானா ஸ்டேட் சர்வகலாசாலையின் டைகர் ஸ்டேடியத்தில் 1,02,321 பேர் உட்காரலாம். ஊரில் பாதிப் பேர் வீட்டைப் பூட்டிக் கொண்டு ஒரே இடத்தில் போய் உட்காருவதாக நினைத்துப் பாருங்கள்.

இந்த ஸ்டேடியம் 1924-ல் சிறியதாகப் பிறந்தது. 1930-களில் பெரிதாக்க நினைத்தபோது ஸ்டேடியத்துக்குப் பணம் இல்லை. மாணவர் விடுதிக்கு இருந்தது. உடனே என்ன செய்தார்கள்? விடுதி அறைகளைக் கட்டி, அவற்றின் முதுகில் காலரியை ஏற்றிவிட்டார்கள். தலைக்கு மேலே ஆயிரக் கணக்கான பேர் குதிக்க, கீழே பல வருஷ காலம் பையன்கள் குடியிருந்து படித்தார்கள். என்ன படித்தார்கள் என்று கேட்காதீர்கள்!

1931-லிருந்து இங்கே பந்தயங்களை இரவில் விளக்குப் போட்டு நடத்தத் தொடங்கினார்கள். வெயிலுக்குப் பயந்து செய்த காரியம். அதுவே ஊரின் பெருமையாகிவிட்டது. சனிக்கிழமை இரவு டைகர் ஸ்டேடியத்தில் மழையே பெய்யாது என்று ஊர்க்காரர்கள் சத்தியம் செய்வார்கள். தொப்பலாக நனைந்து கொண்டே சத்தியம் செய்வார்கள்! 1988 அக்டோபர் 8-ந் தேதி இரவு, ஆபர்ன் காலேஜுடன் நடந்த பந்தயத்தின் கடைசிக் கட்டத்தில் உள்ளூர்க்காரர்கள் ஒரு வெற்றிப் பந்தைப் பிடித்தார்கள். அப்போது எழுந்த ஆரவாரம் சர்வகலாசாலையின் பூகம்பக் கருவியிலேயே கோடாக விழுந்தது. இது கதை இல்லை; அந்தக் காகிதம் இருக்கிறது.

பந்தய நாளில் நீங்கள் உள்ளே போகவே வேண்டாம், வெளியே நடந்தாலே போதும். மைல் கணக்கில் மோட்டார் வண்டிகளை நிறுத்தி, அவற்றின் பின்புறம் அடுப்பு மூட்டி, காலையிலிருந்தே அண்டா அண்டாவாகச் சமைக்கிறார்கள். அந்த ஊர் விசேஷம் 'கம்போ' என்ற குழம்பு. மாவை எண்ணெயிலோ வெண்ணெயிலோ போட்டு, அடுப்பை விட்டு நகராமல், நல்ல பழுப்பு நிறம் வரும் வரை கிளறுகிறார்கள். அதில் வெங்காயம், குடைமிளகாய், செலரித் தண்டு மூன்றையும் வதக்கி, இறாலோ கோழியோ சேர்த்துக் கொதிக்கவிட்டு, சுடச்சுடச் சோற்றின் மேல் ஊற்றித் தருகிறார்கள். ஆமாம், சோறுதான்! அமெரிக்காவில் நாலு நாள் ரொட்டியைக் கடித்து நாக்குச் செத்துப் போனவர்கள் அங்கே போய் உயிர் பெறலாம். இன்னொரு சமாசாரம் கேளுங்கள். 'கம்போ' என்ற வார்த்தையே ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டு வரப்பட்ட மக்களோடு வந்தது. அதற்கு அர்த்தம் வெண்டைக்காய். குழம்பு கெட்டியாக இருக்க வெண்டைக்காயைப் போடும் வித்தையும் அவர்கள் கொண்டு வந்ததுதான்.

ஸ்டேடியத்துக்கு எதிரே 15,000 சதுர அடியில் மரமும் குளமுமாக ஒரு வளைவு. அதற்குள் நிஜப் புலி ஒன்று படுத்திருக்கும். பெயர் மைக். முதல் மைக் 1936-ல் வந்தது. இப்போது இருப்பது ஏழாவது மைக், 2017-ல் வந்தது. பட்டத்து ராஜாக்களைப் போல எண் போட்டே கூப்பிடுகிறார்கள். ஒரு மைக் இறந்தால் ஊரே துக்கம் கொண்டாடுகிறது. பிறகு இன்னொரு மைக்கைத் தேடுகிறது. புலி விஷயத்தில் இது சுலபம். உள்ளே வந்த புலியிடம், "போன புலியைப் போல உறுமு பார்க்கலாம்!" என்று யாரும் கேட்பதில்லை.

பையன்களிடம் கேட்கிறார்கள். அதைச் சொல்லத்தான் உங்களை இவ்வளவு தூரம் அழைத்து வந்தேன்.

அமெரிக்கக் கால்பந்து நம் ஊர்க் கால்பந்து அல்ல. பந்து, உரித்த தேங்காயை இரண்டு முனையிலும் பிடித்து இழுத்தாற்போல் இருக்கும். அதைக் காலால் உதைப்பது அபூர்வம்; கையால் எறிந்து, பிடித்து, மார்போடு அணைத்துக் கொண்டு ஓடுவதுதான் ஆட்டம். நாலு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து எதிராளிக்கு. எதிராளியின் எல்லைக்குள் கொண்டு போய்விட்டால் 'டச்டவுன்', ஆறு புள்ளி. ஒவ்வொரு அணியிலும் தாக்குவதற்கு ஒரு பதினொருவர், தடுப்பதற்கு வேறு பதினொருவர். தாக்கும் கோஷ்டியின் மூளை 'க்வார்ட்டர்பேக்' என்பவன். எந்தத் தந்திரம், யாருக்குப் பந்து என்பதெல்லாம் அவன் கையில். எறிந்ததை ஓடிப் பிடிப்பவர்கள் 'ரிஸீவர்கள்'. இவர்களுக்கு முன்னால் மலை மலையாக ஐந்து பேர் நின்று எதிரிகளை மறித்துக் கொள்கிறார்கள். பத்திரிகையில் படம் வருவதெல்லாம் க்வார்ட்டர்பேக்குக்கு. முதுகு வலியெல்லாம் அந்த ஐந்து பேருக்கு.

காலேஜ் பையன் அதிகபட்சம் நாலு ஸீஸன்தான் ஆடலாம் என்பது நெடுநாளாக இருந்து வந்த விதி. பள்ளியை விட்டு மூன்று வருஷம் ஆகிவிட்டால், தொழில்முறை அணிகள் அவனைக் கொத்திக் கொண்டு போகலாம். அதற்கென்று ஏப்ரல் மாதத்தில் ஒரு சடங்கு நடக்கிறது. போன வருஷம் கடைசியில் வந்த அணி முதலில் ஒரு பையனைப் பொறுக்கிக் கொள்ளும். பிறகு அடுத்த அணி. சுயம்வரம் மாதிரிதான். ஆனால் மாலை பையன் கையில் இல்லை. கூப்பிட்ட ஊருக்குப் போக வேண்டியதுதான்.

ஆகவே காலேஜ் அணி என்பது பெண் பிள்ளைகள் நிறைந்த வீடு போல. வளர்த்து, ஆளாக்கி, ஊரே மெச்சும் நேரத்தில் அனுப்பிவிட வேண்டும்.

பேட்டன் ரூஜ் வீட்டில் 2019-ல் நடந்த கல்யாணம் இருக்கிறதே, அப்படி ஒன்றை அந்த ஊர் பார்த்ததில்லை. க்வார்ட்டர்பேக் ஜோ பர்ரோ, ஒஹையோ ராஜ்யத்துப் பையன். அங்கே சொந்த ராஜ்யத்தின் பெரிய காலேஜில் மூன்று வருஷம் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, 2018-ல் இங்கே வந்தவன். இரண்டாவது வருஷம் அவன் கையில் என்ன மந்திரம் புகுந்ததோ, 60 டச்டவுன் பந்துகள் எறிந்தான். பந்தை வாங்க ஜஸ்டின் ஜெஃபர்ஸன், ஜமார் சேஸ் என்று இரண்டு ரிஸீவர்கள். இருவரும் லூயிஸியானா மண்ணின் பிள்ளைகள். ஜெஃபர்ஸனின் அண்ணன்மார் இருவரும் இதே காலேஜில் ஆடியவர்கள். பந்தைத் தூக்கிக் கொண்டு ஓட, பேட்டன் ரூஜிலேயே பிறந்து வளர்ந்த க்ளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர். குள்ளம், ஆனால் பிடித்து நிறுத்தவே முடியாது. அந்த ஸீஸனில் 15 பந்தயம், பதினைந்திலும் ஜயம். மொத்தம் 726 புள்ளிகள் குவித்தார்கள். முதல் தரக் காலேஜ் அணி எதுவும் ஒரே ஸீஸனில் அதற்கு முன்னால் அவ்வளவு குவித்ததில்லை.

உள்ளூர் மைதானத்தில் கடைசியாக ஆடிய இரவில் பர்ரோ தன் சட்டை முதுகில் பெயரை மாற்றி எழுதிக் கொண்டு வந்தான். லூயிஸியானா பிரெஞ்சுக் குடும்பப் பெயர்கள் முடிவது போல, வால் நீட்டி எழுதிய எழுத்துக்கள். வேற்றூர்ப் பிள்ளை, "நான் உங்கள் வீட்டுப் பிள்ளை" என்று சொன்ன மாதிரி. பல பேர் கண்ணைத் துடைத்துக் கொண்டார்கள்.

டிசம்பரில் நாட்டின் சிறந்த காலேஜ் ஆட்டக்காரனுக்குரிய ஹைஸ்மன் பரிசு அவனுக்குக் கிடைத்தது. 1959-ல் பில்லி கானன் வாங்கிய பிறகு, சரியாக 60 வருஷம் கழித்து அந்தக் காலேஜுக்கு வந்த பரிசு. மேடையில் அவன் ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை. தன் சொந்த ஜில்லாவில் பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குப் போனால் சாப்பாடு இல்லாத குழந்தைகள் இருக்கிறார்கள் என்று சொல்லித் தழுதழுத்தான். அதைக் கேட்டவர்கள் அந்த ஜில்லாவின் உணவு நிலையத்துக்கு 5 லட்சம் டாலருக்கு மேல் அனுப்பி வைத்தார்கள். எனக்கு அந்த 60 டச்டவுன்களைவிட இது பெரிதாகத் தோன்றுகிறது. உங்களுக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

2020 ஜனவரி 13-ந் தேதி, நியூ ஆர்லியன்ஸில், க்ளெம்ஸன் காலேஜை 42-25 என்று வென்று தேசீயப் பட்டத்தைத் தட்டிக் கொண்டு வந்தார்கள்.

மறு நாளிலிருந்து பந்தலைப் பிரிக்கத் தொடங்கினார்கள்.

பந்தெறியும் தந்திரங்களை வகுத்துக் கொடுத்த இளம் கோச் ஜோ பிரேடியைக் கரோலைனாவின் தொழில்முறை அணி அழைத்துக் கொண்டது. தடுப்பு அணியின் கோச் வேறு காலேஜுக்குத் தலைமைக் கோச்சாகப் போனார். ஏப்ரல் மாதச் சுயம்வரத்தில் முதல் மாலையே பர்ரோவுக்கு, சின்சினாட்டிக்குப் போனான். ஜெஃபர்ஸன் மின்னஸோட்டாவுக்கு. எட்வர்ட்ஸ்-ஹெலேர் கான்ஸஸ் ஸிட்டிக்கு. ஒரே காலேஜிலிருந்து 14 பேரைப் பொறுக்கி எடுத்தார்கள். முன்னால் மலையாக நின்ற ஐவரில் நால்வரும் போய்விட்டார்கள். மார்ச்சில் கொரோனா வந்து, புதுப் பையன்கள் பழகிக் கொள்ள வேண்டிய வசந்த காலப் பயிற்சியையும் நிறுத்திவிட்டது. சேஸ் ஒருவனாவது இருக்கிறானே என்று ஊர் ஆறுதல் பட்டுக் கொண்டிருந்தது. ஆகஸ்டு முடிவில் அவனும், "இந்த வருஷம் நான் ஆடவில்லை" என்று ஒதுங்கிக் கொண்டான்.

கல்யாணம் முடிந்த வீட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வாழை மரம் வாடி நிற்கும். கோலத்தின் மேல் பத்துப் பேர் மிதித்திருப்பார்கள். சமையற்கட்டில் யாராவது ஒருத்தி மட்டும் சத்தமில்லாமல் மிச்சப் பாத்திரங்களைக் கழுவிக் கொண்டிருப்பாள். மூன்று நாள் அமளியில் அவளை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

பேட்டன் ரூஜில் அப்படி இருந்தவன் பெயர் மைல்ஸ் பிரென்னன்.

மிஸிஸிப்பிக் கடற்கரைப் பையன், நெட்டை, நல்ல தோள். 2017-ல் காலேஜுக்கு வந்தான். அடுத்த இடம் தனக்குத்தான் என்று காத்திருந்தபோது, ஒஹையோவிலிருந்து பர்ரோ வந்து சேர்ந்தான். இந்த மாதிரி சமயத்தில் பையன்கள் மூட்டை கட்டிக் கொண்டு வேறு காலேஜுக்குக் கிளம்பிவிடுவது சகஜம். பர்ரோ செய்ததும் அதைத்தானே! பிரென்னன் போகவில்லை. பர்ரோவின் முதுகுக்குப் பின்னால் நின்று, அவன் புகழ் ஊர் ஊராகப் பரவுவதைப் பார்த்துக் கொண்டு, தினம் பயிற்சி செய்தான். நாலாவது வருஷம் அவன் முறை வந்தது.

வந்த நேரத்தைப் பாருங்கள்! பழகிய ரிஸீவர்கள் இல்லை, மறித்து நிற்கும் மலைகள் இல்லை, பயிற்சி இல்லை. 2020 செப்டம்பர் 26-ந் தேதி முதல் பந்தயம். ஸ்டேடியத்தில் கால் பங்குக்கு மேல் ஜனங்களை விடவில்லை. எதிரே வந்த மிஸிஸிப்பி ஸ்டேட் அணியின் க்வார்ட்டர்பேக் அன்று 623 கஜம் பந்தெறிந்து அந்த வட்டாரத்திலேயே புதிய சாதனை படைத்தான். பிரென்னனை எதிரிகள் ஏழு முறை பந்தோடு சேர்த்துக் கீழே சாய்த்தார்கள். அப்படியும் அவன் 345 கஜம் எறிந்து மூன்று டச்டவுன் கொடுத்தான். 44-34 என்று தோல்வி. தொடர்ந்து 16 பந்தயம் வென்ற பெருமை முதல் நாளிலேயே போயிற்று.

"பர்ரோவாக இருந்தால்..." என்று ஊர் பேசத் தொடங்கியது. புது மருமகள் வைத்த முதல் ரசத்தைப் பற்றி மூத்த நாட்டுப்பெண்ணின் பெயரைச் சொல்லிப் பேசுவார்களே, அந்தக் குரல் எந்த ஊரிலும் ஒன்றுதான்.

அடுத்த வாரம் வாண்டர்பில்ட் காலேஜை 41-7 என்று ஜயித்தார்கள். பிரென்னன் நாலு டச்டவுன். மூன்றாவது பந்தயம் பேட்டன் ரூஜில் நடந்திருக்க வேண்டும். டெல்டா என்ற சூறாவளி வந்து கொண்டிருந்ததால் மிஸௌரி ராஜ்யத்துக்கு மாற்றினார்கள். அங்கே பிரென்னன் 430 கஜம் எறிந்தான். மறுபடி நாலு டச்டவுன். ஆனால் தடுப்பு அணி ஓட்டைக் குடமாக இருந்தது. எவ்வளவு ஊற்றினாலும் ஒழுகிற்று. 45-41 என்று பின்தங்கியிருந்தபோது, கடைசியில் எல்லைக் கோட்டுக்கு ஒரே ஒரு கஜம் பாக்கி. நாலு முயற்சி. நாலும் வீண்.

அந்தப் பந்தயத்தில்தான் அவனுக்கு அடிவயிற்றுத் தசையில் பலத்த காயம். காயத்தோடேயே ஆடி முடித்திருக்கிறான் என்பது பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்தது. அந்த ஸீஸனில் அவன் மறுபடி மைதானத்தில் இறங்கவில்லை. மூன்று பந்தயம், 1,112 கஜம், 11 டச்டவுன். மூன்று வருஷக் காத்திருப்புக்கு வரவு அவ்வளவுதான்.

அவன் இடத்தில் பள்ளியிலிருந்து வந்து சில மாதங்களே ஆன இரண்டு பையன்களை மாற்றி மாற்றி இறக்கினார்கள். அடி மேல் அடி. ஆபர்னிடம் 48-11. நவம்பர் முடிவில், மிச்சமிருந்த பெரிய ரிஸீவர் டெரஸ் மார்ஷலும் விடை பெற்றுக் கொண்டான். அலபாமாவிடம் 55-17. போன வருஷம் பட்டம் வாங்கிய அணிதானா இது என்று பார்த்தவர்கள் கண்ணைக் கசக்கிக் கொண்டார்கள்.

டிசம்பர் 12-ந் தேதி ஃப்ளாரிடாவில் போய் ஆட வேண்டியிருந்தது. ஃப்ளாரிடா அணி நாட்டில் ஆறாவது. அவர்கள் ஜயிப்பதைப் பற்றி யாருக்கும் சந்தேகமே இல்லை. ராத்திரி மூடுபனி இறங்கி மைதானமே மங்கலாகிவிட்டது. நம் இளம் பையன்களில் ஒருவனான மாக்ஸ் ஜான்ஸனுக்கு க்வார்ட்டர்பேக்காக இறங்குவது அதுதான் முதல் தடவை. அவன் தகப்பனார் பிராட் ஜான்ஸனும் பெயர் பெற்ற தொழில்முறை க்வார்ட்டர்பேக். கடைசி இரண்டு நிமிஷத்தில் இரண்டு பக்கமும் 34. நம் ஆட்களைத் தடுத்து நிறுத்தியும் விட்டார்கள். அந்த நேரம் பார்த்து, தடுத்தவர்களில் ஒருவன் சந்தோஷம் தாங்காமல், கீழே கழன்று கிடந்த எதிராளியின் பூட்ஸை எடுத்து வீசி எறிந்தான்! பனியில் அது இருபது கஜம் பறந்தது. நடுவர் கொடியை எறிந்தார். 15 கஜம் அபராதம். போன பந்து திரும்பி வந்தது. கேட் யார்க் என்ற உதைக்காரன் 57 கஜ தூரத்திலிருந்து, கம்பமே கண்ணுக்குத் தெரியாத பனியில் உதைத்தான். பந்து கம்பங்களுக்கு நடுவே போயிற்று. 37-34.

ஒரு ஜோடு ஒரு பந்தயத்தையே ஜயித்துக் கொடுத்த கதையை பேட்டன் ரூஜ் ஜனங்கள் சொல்லிச் சொல்லி அலுப்பதில்லை. அந்த ஸீஸன் 5 ஜயம், 5 தோல்வி என்று முடிந்தது.

போனவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். நன்றாக இருக்கிறார்கள். 2021-ல் சேஸையும் சின்சினாட்டிக்காரர்களே எடுத்துக் கொண்டார்கள். பழைய ஜோடி சேர்ந்ததும் அந்த அணி 2022 பிப்ரவரியில் 'ஸூப்பர் பௌல்' இறுதிப் பந்தயம் வரை போயிற்று; 23-20 என்று தோற்றது. அன்றைக்கு பேட்டன் ரூஜ் வீடுகளில் டெலிவிஷன் முன்னால் ஒஹையோ அணிக்காகக் கை தட்டினார்கள். புக்ககம் போன பெண்ணைப் பற்றிப் பத்திரிகையில் வந்தால் பிறந்த வீடு பெருமைப்படாதா?

பிரென்னன்? 2021-ல் அவன் தேறி வந்தான். ஸீஸன் தொடங்குவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், மைதானத்துக்கு வெளியே நடந்த ஒரு விபத்தில் இடக் கை முறிந்தது. அந்த வருஷமும் போயிற்று. வேறு காலேஜுக்குப் போவதாகப் பெயர் கொடுத்தான். புதுக் கோச் வந்து பேசியதும் மனம் மாறித் தங்கினான். 2022-ல் அரிஸோனாவிலிருந்து ஜேடன் டேனியல்ஸ் என்ற க்வார்ட்டர்பேக்கைக் கொண்டு வந்தார்கள். ஆகஸ்டு மாதத்தில், ஸீஸனுக்குச் சில வாரம் இருக்கும்போது, பிரென்னன் கால்பந்தே போதும் என்று விலகிக் கொண்டான். ஐந்து வருஷத்துக்கு மேல் இருந்த காலேஜ். முதல் ஆளாக இறங்கியது மூன்றே பந்தயம்.

இதற்குள் ஆட்டத்தின் விதிகளும் மாறிவிட்டன. 2021-லிருந்து பையன்கள் ஒரு வருஷம் சும்மா உட்காராமல் உடனே காலேஜ் மாறி ஆடலாம். தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணமும் சம்பாதிக்கலாம். அது நியாயம்தான். லட்சம் பேர் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் ஆட்டத்தில் ஆடுகிறவனுக்கு மட்டும் கிடையாது என்றிருந்ததுதான் அநியாயம். ஆனால் அதன் பலனாக, காலியான இடத்துக்குத் தங்கள் வீட்டில் காத்திருப்பவனைப் பார்ப்பதை விட்டு, அடுத்த வீட்டில் தயாராக இருப்பவனை அழைத்து வருவது எல்லாக் காலேஜ்களுக்கும் வழக்கமாகிவிட்டது.

அப்படி வந்த டேனியல்ஸ் 2023-ல் 50 டச்டவுனுக்குக் காரணமாக இருந்து, அந்தக் காலேஜின் மூன்றாவது ஹைஸ்மன் பரிசை வாங்கினான். அவனும் போனான். மலிக் நேபர்ஸ், பிரயன் தாமஸ் என்ற அவனுடைய இரண்டு ரிஸீவர்களும் போனார்கள். 2024 ஏப்ரலில் மூவருக்கும் முதல் சுற்றிலேயே மாலை விழுந்தது. மறுபடி அதே வீடு. அதே வாடிய வாழை மரம்.

இந்தத் தடவை சமையற்கட்டில் நின்றவன் காரட் நஸ்மையர். 2021-ல் வந்தவன். மூன்று வருஷம் காத்திருந்தவன். இவன் தகப்பனாரும் மாஜி க்வார்ட்டர்பேக், கோச். 2024 ஜனவரி 1-ந் தேதி, விஸ்கான்ஸின் காலேஜுடன் ஒரு விசேஷப் பந்தயம். அடுத்து வரும் சுயம்வரத்தை உத்தேசித்து டேனியல்ஸ் ஆடவில்லை, நஸ்மையரை இறக்கினார்கள். 395 கஜம் எறிந்தான். கடைசியில் தங்கள் எல்லையிலிருந்து இரண்டே கஜத்தில் ஆரம்பித்து, 98 கஜம் தள்ளிக் கொண்டு போய், 35-31 என்று ஜயித்துக் கொடுத்தான்.

அவனுடைய சொந்த ஸீஸனும் தோல்வியில்தான் ஆரம்பமாயிற்று. 2024 செப்டம்பர் 1-ந் தேதி லாஸ் வேகாஸ் நகரத்தில், தெற்குக் கலிபோர்னியாவிடம் 27-20. "டேனியல்ஸாக இருந்தால்..." என்று பேட்டன் ரூஜில் நாக்குகள் அசைந்தன.

ஆறு நாள் கழித்து, செப்டம்பர் 7-ந் தேதி, டைகர் ஸ்டேடியத்தில் வருஷத்தின் முதல் பந்தயம். எதிரே நிக்கல்ஸ் என்ற சின்னக் காலேஜ். காலையிலிருந்தே வெளியே கம்போ கொதித்தது. நஸ்மையர் அன்றைக்கு ஆறு டச்டவுன் எறிந்தான்.